பெயர் மரங்களுக்குப் பசிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்குத்தான் எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. சேலையூரில் எங்கள் வீட்டில் நான் இரண்டாவது காபியைக் கையில் எடுத்திருந்தேன். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலையிடமிருந்து போன்.

"சார், ஹர்ஷிணி ரொம்ப பேஜாரா கீது சார். எலை அல்லாம் சுட்ட அப்பளமாட்டம் ஆயிடுச்சு. ஜோஷுவாவும் அப்டித்தான். ஒடனே கெளம்பி வா சார்."

இந்த மண் ஆலோசனைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் பதற வேண்டாம். ஹர்ஷிணியும் ஜோஷுவாவும் மகோகனி மரங்கள். நான் விருப்ப ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக மண் ஆலோசகராக இருந்த நிறுவனம், காட்டாங்குளத்தூரைத் தாண்டி உள்ளே வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் மரம் வளர்த்து, அதைத் துண்டு துண்டாகத் தாம்பரம் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களுக்கு விற்றது. ஒவ்வொரு குடும்பத்தின் மனைக்கு முன்னாலும், நடைபாதையை ஒட்டி, ஒரு 'பெயர் மரம்'. அதன் கழுத்தில் வீட்டுப் பிள்ளையின் பெயர்ப் பலகை. பெயருக்குக் கீழே எங்கள் மேலாளர் யோசித்து எழுதிய வாசகம்: 'வளர்ந்துகொண்டே இருப்பாள்.' பையன் என்றால் 'இருப்பான்.'

நானும் ஒரு மனை வாங்கியிருந்தேன். ஊழியர் சலுகை. அதனால் போனில் அடுத்து நான் கேட்ட கேள்வி தொழில்முறையானது அல்ல.

"யாழினி எப்படி இருக்கு?"

"அத்த நேர்ல வந்து பாரு சார்" என்றார் ஏழுமலை.

யாழினி என் ஒரே மகள். உண்மையான யாழினி அப்போது பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் இருந்தாள். மறுநாள் காலை பிளஸ் டூ தேர்வு முடிவு. எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகத் தட்டுகூட வைப்பதில்லை என்ற நிலை. மண்ணியல் படித்தவன் நான். மரத்தின் இலைக்கும் மகளின் மதிப்பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர் வரைக்கும் நான் எந்த சிக்னலில் நின்றேன் என்பது எனக்கு நினைவில்லை.

போகிற வழியில், அந்தத் தோப்பின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வரும். வழியில் காட்டாங்குளத்தூர் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் காட்டி, "நல்லா படிச்சா இங்கதான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வரும். வந்ததும் அப்பா தையல்காரர் நாடாவை எடுத்துப் பெயர் மரத்தின் சுற்றளவை அளப்பார். அம்மா படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவார். அளவு போன தடவையை விடக் கூடியிருந்தால் கைதட்டல் பொம்மைகள் வரும். கூடாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியாது. பக்கத்து மரத்தை அளக்கும்போது மட்டும் நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும் தந்தையரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மண் பரிசோதனை முடிவு கொடுப்பது இன்னொரு சோதனை. தழைச்சத்து 'குறைவு' என்று எழுதியதற்காக ஒருவர் அலுவலகத்துக்கே வந்து சண்டை போட்டார். "எங்க குடும்பத்துல யாருமே எதுலயும் குறைவு இல்ல சார். மறுபடியும் திருத்திப் பாருங்க" என்றார். சாம்பல்சத்து 'அதிகம்' என்று வந்த இன்னொருவர் இனிப்பு கொண்டு வந்தார். அதிகம் என்பது பாராட்டல்ல, எச்சரிக்கை என்று அவருக்கு விளக்கினேன். அரை மனதாக இனிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். உங்களுக்கும் இவர்கள் வருவார்கள். முடிவைக் கையில் கொடுக்கும்போது உடனே பேசிவிடுங்கள். மதிப்பெண் பட்டியலாக அவர்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் பேசிவிடுங்கள்.

தோப்பில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மரங்கள் நன்றாகவே இருந்தன. கருகியிருந்தவை நடைபாதை ஓரத்துப் பெயர் மரங்கள் மட்டும். அவற்றிலும் அந்த வருடம் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் மரங்கள் மட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மரங்கள் பச்சையாக, கவலையில்லாமல் நின்றன. தேர்வு பார்த்துத் தாக்கும் பூச்சியை நான் படித்ததில்லை. குனிந்து அடிமரத்தைப் பார்த்தேன். மண்ணில் வெள்ளையும் சிவப்புமாகக் குருணைகள்.

"ஏழுமலை, இதை யார் போட்டது?"

"யார் போடலன்னு கேளு சார். சீக்கிரம் முடிஞ்சிடும்."

"கோடையில உரமே வைக்கக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டியிருக்கேனே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒவ்வொர்த்தரும் தனித்தனியா வந்தாங்க சார். 'ஏழுமல, இது நமக்குள்ளயே இருக்கட்டும், வேற யார்கிட்டயும் சொல்லாத'ன்னாங்க. ஒர்த்தர் சொன்னா மீறலாம். இத்தினி பேர் சொன்னா நான் இன்னா சார் பண்றது?" குருணையைக் காலால் தள்ளினார். "உன் வூட்லேருந்தும் வந்தாங்க."

"எங்க வீட்டிலிருந்தா?"

"மேடம்தான். ஸ்கூட்டில. ஒரு கவர்ல யூரியா, ஒரு கவர்ல பொட்டாஷ். 'அளவு சரியா மேடம்?'னு கேட்டேன் சார், நான் கேக்காம இல்ல. 'எங்க வூட்லயே எக்ஸ்பர்ட் இருக்காரு'ன்னாங்க. அப்பறம் நான் இன்னாத்த பேசறது?"

என் மனைவி கீதாவுக்கு போன் செய்தேன். "தோப்புக்கு வந்தியா?" என்று கேட்டதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"எல்லாரும் போடுறாங்கன்னு எனக்குத் தோணிச்சு. ஹர்ஷிணி அம்மா ஸ்டேட்டஸ்ல அந்த மரம் எப்படி இருந்துச்சு, பாத்தீங்களா? ஊருக்கெல்லாம் உரம் சொல்றீங்க. சொந்தப் பொண்ணு மரத்துக்கு ஒரு கைப்பிடி போட்டிருக்கீங்களா?"

"தேவையில்லன்னுதான் போடல, கீதா."

"கெமிஸ்ட்ரி டியூஷனுக்கும் இதையேதான் சொன்னீங்க."

கெமிஸ்ட்ரிக்கு அப்புறம் இரண்டு டியூஷன் வைத்தோம், ஒன்று மற்றொன்றுக்குத் தெரியாமல்.

எல்லாப் பெற்றோரும் மரத்துக்கு வாய் அடிமரத்தில் இருப்பதாகவே நினைக்கிறார்கள். அதனால் ஊட்டுவது போலத் தண்டை ஒட்டிக் கொட்டுகிறார்கள். உண்ணும் வேர் அங்கே இல்லை, கிளை நிழல் முடிகிற வட்டத்தில் இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும், பிள்ளையின் வாய் அங்கேயா இருக்கிறது என்பது போல என்னைப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் கொட்டியிருந்தால்கூட ஓரளவு கரைந்து ஓடியிருக்கும். இவர்கள் கொட்டியது காய்ந்த மண்ணில், தேர்வு முடிவுக்கு முந்தைய வாரத்தில். மேலே கொஞ்சமாக ஊற்றிய தண்ணீர் அந்த உப்பை நேராக வேருக்கு இறக்கிவிட்டது.

பதினொன்றரைக்கெல்லாம் கார்கள் வர ஆரம்பித்தன. பொறுப்பாக இருக்கட்டும் என்று ஏழுமலை படங்களைக் குழுவில் போட்டிருந்தார். முதலில் இறங்கியவர் ஹர்ஷிணியின் அப்பா. கீழ்க்கட்டளையில் வீடு, வங்கியில் அதிகாரி. வெறுங்கையோடு வரவில்லை. ஒரு பையில் நுண்ணூட்டப் பாட்டில்கள், வேர் வளர்ச்சிக்கு ஒரு பொடி, கடைக்காரர் 'மரத்துக்கு குளுக்கோஸ் மாதிரி' என்று சொல்லிக் கொடுத்த ஏதோ ஒரு பச்சைத் திரவம்.

"சார், எது முதல்ல? மூணையும் கலந்து ஊத்திடலாமா?"

"எதுவும் வேண்டாம் சார். அடியில கிடக்குற உரத்தை மண்ணோட சுரண்டி எடுக்கணும். அப்புறம் நல்ல தண்ணி. அவ்வளவுதான்."

"வெறும் தண்ணியா?" ஆபரேஷன் வேண்டாம், ஓய்வெடுங்கள் என்று மருத்துவர் சொன்னது போல அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "சார், நாளைக்கு ரிசல்ட்டு. இப்ப போய் வெறும் தண்ணி குடுக்கச் சொல்றீங்களே."

பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிற ஜோஷுவாவின் அம்மா அழுதுகொண்டிருந்தார். "நான் ஜெபம் பண்ணித்தான் சார் போட்டேன். சத்து எப்படி சார் கெடுதல் பண்ணும்?"

"மாங்காயை நறுக்கி உப்பு போட்டு வெச்சா காலையில என்ன ஆகும்மா?"

"தண்ணி விட்டு, சுருங்கி..." பாதியில் நிறுத்தினார். கையை வாயில் வைத்துக்கொண்டார். "ஐயோ ஆண்டவரே, என் பிள்ளையை ஊறுகாய் போட்டுட்டேனா?"

எனக்குத் தெரிந்து அதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை. நீங்கள் அதை அப்படியே பயன்படுத்தலாம்.

அப்போது எங்கள் மேலாளர் போனில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் இருக்கும் இடம் எப்போதும் சத்தமாக இருக்கும். "சார், கஸ்டமர் எல்லாரும் வந்துட்டாங்களாமே. ஏதாவது ஒண்ணு அடிங்க. ஸ்ப்ரேயர் முதுகுல மாட்டின ஆள் ரெண்டு பேரு நடந்தாலே பாதி பிரச்சனை தீரும்."

"தண்ணி மட்டும்தான் சார் வேணும்."

"சரி, தண்ணியே அடிங்க. கொஞ்சம் கலராவது கலந்து அடிங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மனிதர்களைப் பற்றி அவர் என்னைவிட அதிகம் தெரிந்து வைத்திருந்தார். மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

தண்ணீர் எங்கே? மழைநீர் பிடிக்க வெட்டிய குட்டையின் அடியில் கொஞ்சம். அதை ஏற்றிய தொட்டியில் பாதிக்கும் குறைவு. பத்துப் பதினைந்து மரத்தை அலசலாம். கருகியவை அதைப்போல இரண்டு மடங்கு இருந்தன. நான் இந்தக் கணக்கில் இருக்கும்போதே வாசலில் ஹார்ன் சத்தம். ஹர்ஷிணியின் அப்பா, மருந்து கலக்கத் தேவைப்படும் என்று, வரும் வழியிலேயே தண்ணி லாரிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தேர் வருவது போல லாரி உள்ளே வந்தது.

குழாயைத் திறக்கச் சொல்லி ஒரு குவளையில் பிடித்தேன். பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்து முக்கினேன். நம் பகுதிகளில் அது என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வீடு இருக்கிறது. உப்பின் அளவு மூன்று இலக்கத்தைத் தாண்டி, நான்கில் போய் நின்றது. நாக்கில் வைத்தேன். உப்பு.

"இந்தத் தண்ணி வேண்டாம். திருப்பி அனுப்பிடுங்க."

அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். மரம் கண் முன்னால் சாகிறது. தண்ணீர் வாசலில் நிற்கிறது. படித்தவன் என்று சம்பளம் வாங்குகிறவன் வேண்டாம் என்கிறான்.

லாரிக்காரர்தான் முதலில் பேசினார். "சார், ரெண்டு கல்யாண மண்டபத்துக்கு டெய்லி இந்தத் தண்ணிதான் போவுது. யாரும் செத்துடல."

"அங்க கையைக் கழுவிட்டுப் போயிடுறாங்க. இங்க வேர் இதுலயே நிக்கணும். ஏற்கனவே உப்புதான் கொல்லுது. மேல உப்புத் தண்ணி ஊத்தினா இன்னைக்கே முடிஞ்சிடும்."

"உங்களுக்கு என்ன சார்" என்றார் ஹர்ஷிணியின் அப்பா. குரல் உடைந்திருந்தது. "உங்க பொண்ணு மரத்துக்கு இருக்கற தண்ணி போதும். எங்க பிள்ளைங்க மரம்தானே போகும்."

கோபம் வரவில்லை எனக்கு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் லாரி திரும்பிப் போனது. அது வளைவில் மறைகிற வரைக்கும் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடனே கீதாவுக்கு மறுபடி போன் செய்தேன். எங்கள் அடுக்குமாடிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வரும் லாரி ஒன்று உண்டு, நல்ல கிணற்றுத் தண்ணீர். அந்த நம்பர் யாரிடம் என்று கேட்டேன். "யாழினிகிட்டதான். வாராவாரம் அவதானே கூப்பிடுறா" என்றாள் கீதா. அவளை எழுப்பாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

லாரி வரலாம், வராமலும் போகலாம். தொட்டித் தண்ணீரை யாருக்கு ஊற்றுவது என்பதை நான் இப்போதே சொல்லியாக வேண்டும்.

நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் இல்லை. கிளை நுனியில் தொடங்கிக் கீழே வாருங்கள், எங்கே பச்சை தெரிகிறது என்று பாருங்கள். ஓரளவே கருகியவை காத்திருக்கட்டும். நுனி போய், நடுவில் பச்சை இருப்பவைக்கு முதலில் தண்ணீர். அடி வரைக்கும் பழுப்பாக இருப்பவற்றுக்குக் கடைசியில், மிச்சம் இருந்தால். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒவ்வொரு மரத்தின் கழுத்திலும் ஒரு பிள்ளையின் பெயரைத் தொங்கவிட்டு, பக்கத்தில் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களை நிறுத்திவிட்டால்தான் அது கடினம்.

ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டே போனேன். பெற்றோர் பின்னாலேயே வந்தார்கள், தேர்வறைக்கு வெளியே நிற்பவர்கள் போல. ஹர்ஷிணி நடுவில் பச்சை. "முதல்ல இதுக்கு" என்றேன். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை. ஜோஷுவாவும் பச்சை. அவன் அம்மா மண்டியிட்டு, கையாலேயே உரக் குருணைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

யாழினியிடம் வந்தேன். நுனி பழுப்பு. நடுக்கிளை பழுப்பு. தண்டின் பாதி பழுப்பு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெளிறிய ஒரு கீற்று, பச்சையா இல்லையா என்று சொல்ல முடியாத நிறம். இரண்டு கவரையும் ஒரே இடத்தில் கவிழ்த்திருந்தாள் கீதா. எங்கள் வீட்டில் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

ஏழுமலை குழாயை நீட்டிக்கொண்டு நின்றார். "ஊத்தட்டா சார்?" தணிந்த குரலில் கேட்டார். "யாரும் பாக்கல சார்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியில" என்றேன்.

இதில் பெருந்தன்மை எதையும் தேடாதீர்கள். யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெறும் கட்டை, மூன்று வயது மகோகனி, சந்தையில் இன்னொன்று கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தப் பலகையைப் பார்த்தேன். 'யாழினி. வளர்ந்துகொண்டே இருப்பாள்.' சொல்லிக்கொண்டது எதுவும் நிற்கவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் நான் காபியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இந்தத் தொழிலில் உங்களுக்கு எதைப் போடுவது என்று எல்லாரும் கற்றுத் தருவார்கள். போடாமல் நிற்பதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை. மூட்டையோடு வருகிறவர்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் சோம்பேறி போலத் தெரிவான், கல்நெஞ்சன் போலத் தெரிவான். அப்படித் தெரிவதற்கும் சேர்த்துத்தான் நமக்குச் சம்பளம். என்னால் அதைத் தோப்பில் செய்ய முடிந்தது. வீட்டில் முடியவில்லை என்பதை நீங்கள் இந்நேரம் கவனித்திருப்பீர்கள்.

தொட்டி காலியானது. ஒரு டஜனுக்குச் சற்று அதிகமான மரங்கள் நனைந்து நின்றன. மீதிக்கு ஈர மண்ணை இழுத்துப் போட்டு, சருகு மூடி, பெற்றோர்கள் தங்கள் துப்பட்டாவையும் கார் உறையையும் பிரித்து நிழல் பிடித்தார்கள். ஹர்ஷிணியின் அப்பா தன் மகளின் மரத்தை விட்டுவிட்டு வந்து, யாழினியின் அடியில் கிடந்த உரத்தை நாடாவின் பிளாஸ்டிக் டப்பாவால் சுரண்டிக்கொண்டிருந்தார். "மேடம் ரொம்பத் தாராளம் சார்" என்று முணுமுணுத்தார்.

மூன்று மணி வாக்கில் வாசலில் மறுபடி ஹார்ன். லாரிக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டி. ஓட்டி வந்தது யாழினி. பின்னால் கீதா, ஒரு கையால் அவள் தோளையும் இன்னொரு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு. ஜிஎஸ்டி சாலையிலா, லாரிகளுக்கு நடுவிலா என்று கத்த வந்தேன். பிறகு கத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். லாரிக்காரரிடம் குவளையை நீட்டினேன். மீட்டர் மூன்று இலக்கத்திலேயே நின்றது. நாக்கில் இனித்தது. ஏழுமலை குழாயை இழுத்துக்கொண்டு யாழினியின் மரத்துக்கு ஓடினார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நேராக மரத்தருகே போனாள். நான் கீறிய இடத்தைக் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து பலகையைப் படித்தாள். சுற்றி நின்ற எல்லா அப்பா அம்மாவையும் ஒருமுறை பார்த்தாள். கீதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பா, தண்ணி ஒரு நிமிஷம் இருக்கட்டும்" என்றாள். "மொதல்ல இதுலேருந்து என் பேரைக் கழட்டுங்க. பாவம், இதாச்சும் பொழச்சுப் போகட்டும்."